சாமைக் கொல்லைக்கு ஒரு முன்னறிவிப்பு

ஜவ்வாது மலையின் காவலூரில் ஒரு வானியல் ஆய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்குச் சற்று முன்னும் பின்னும் அந்த விண்மீனின் ஒளி மங்கி மங்கி மீண்டதை உலகில் ஒரு சில இடங்களிலிருந்து பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்தச் சில இடங்களில் காவலூரும் ஒன்று. இந்தப் பெருமை பலருக்குத் தெரியும். அந்த ஆய்வகத்தின் வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் தமிழ்நாடு கண்ட மிகக் கொடிய வறட்சியில் போய் நிற்போம் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நினைவில் வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. ஜவ்வாது மலை அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. தானியம் ரயிலேறி ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தபோதே மக்கள் பட்டினியால் செத்தார்கள் என்பதால், அதை வெறும் மழைப் பிழை என்று எழுதிவிட்டு நகர எனக்கு மனம் இல்லை. ஆனாலும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அரசு ஒரு கேள்வியைத் தீவிரமாகக் கேட்கத் தொடங்கியது. மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா?

அந்தக் காலத்து அறிஞர் சிலர் விடையைச் சூரியனில் தேடினார்கள். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். சென்னையின் பழைய மழைக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று வில்லியம் ஹண்டர் 1877இல் வாதிட்டார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவரோடு சேர்ந்துகொண்டார். சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பஞ்சத்தைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கை, பஞ்சத்தை ஆராய அரசு அமைத்த குழுவின் பரிந்துரை வரை போனது. 1899இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1960இல் அந்த ஆய்வகத்தின் இயக்குநராக வந்த வைணு பாப்பு, இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் தேடினார். நகர விளக்கொளி எட்டாத, தென் வானமும் நன்றாகத் தெரிகிற காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே முதல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இன்று அவர் பெயர்.

சூரியப் புள்ளிகளோ மழையைக் கணிக்க உதவவில்லை. கோடைக்கானல் சூரியனைப் பற்றி உலகுக்கு எவ்வளவோ சொன்னது. பருவமழை பற்றி நம்பத்தக்க எதையும் சொல்ல அதனால் இயலவில்லை. வறட்சியைக் கணிக்கவென்று தொடங்கிய முயற்சியின் கொடிவழியில் வந்த ஆய்வகம் ஜவ்வாது மலையில் நிற்கிறது. அதைச் சுற்றிச் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கு அந்தப் பழைய கேள்வி இன்றும் தீரவில்லை. சமவெளியைவிட இந்த மலையில் மழையைக் கணிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

மழைக் கணிப்பில் மெய்யான முன்னேற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. 1875இல் அமைந்த இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இமயத்தில் பனி அதிகம் படிந்தால் அடுத்து வரும் பருவமழை மெலியும் என்று கண்டு, 1886இல் முறையான பருவகாலக் கணிப்பை வெளியிட்டார். 1904இல் அந்தத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணிதவியலர். உலகெங்கும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் எண்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க ஒரு கூட்டம் எழுத்தர்களை அமர்த்தினார். பசிபிக் பெருங்கடலின் கிழக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்பதை அந்த எண்களில் கண்டார். இதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயர். காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. பெரு நாட்டுக் கடற்கரையோரம் சில ஆண்டுகளில் கடல் சூடாகும் எல் நினோவும் இந்த அலைவும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதை 1969இல் வானிலை அறிஞர் யாகோப் பியெர்க்னெஸ் விளக்கினார். 1877இல் பசிபிக்கில் இருந்ததும் மிக வலுவான ஓர் எல் நினோதான்.

எல் நினோ ஆண்டில் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிறது. ஈரக்காற்று மேலெழும் இடம் அங்கே நகர்ந்துவிடுகிறது. மேலே போன காற்று எங்காவது கீழே இறங்கியாக வேண்டும். அது இறங்கும் பரப்பில் இந்தியாவும் அடங்குவதால் மேகம் வளர்வது தடைபடுகிறது. தென்மேற்குப் பருவமழை மெலிய வாய்ப்பு கூடுகிறது. எல் நினோ வந்தால் வறட்சி என்று செய்திகள் சொல்வது இதை வைத்துத்தான்.

அந்தச் சூத்திரத்தை அப்படியே ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோக முடியாது.

மலை பரந்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1000 மில்லிமீட்டர். அதில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஏறத்தாழச் சம பங்கு தருகின்றன. வட இந்தியாவுக்குத் தென்மேற்குப் பருவமே எல்லாம். நாகப்பட்டினத்துக்கு வடகிழக்குப் பருவமே உயிர். இந்த மலைக்கு இரண்டும் வேண்டும். எல் நினோ இந்த இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையைக் குறைக்க முனையும் அதே எல் நினோ, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தின் மழையைக் கூட்ட முனைகிறது. அந்த மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கிழக்கிலிருந்து வீசும் காற்று வலுப்பெற்று, வங்கக் கடலின் ஈரம் தென்னிந்தியாவின் மேல் குவிகிறது.

2015 மிக வலுவான எல் நினோ ஆண்டு. அந்த நவம்பர், டிசம்பரில் சென்னை மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டில் எல் நினோ ஓய்ந்து பசிபிக் குளிர்ந்தது. 2016இன் வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்குக் கிடைத்தது 168 மில்லிமீட்டர். வழக்கமாகக் கிடைப்பதோ 440. அதாவது 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரி 10ஆம் நாள் மாநிலம் முழுவதும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எல் நினோவை மட்டும் அஞ்சிக்கொண்டிருந்த ஒருவர் 2015இல் வறட்சிக்குத் தயாராகி, 2016இல் நிம்மதியாக இருந்திருப்பார். இரண்டு முறையும் ஏமாந்திருப்பார்.

இன்னொரு முரணும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் இந்த மலைக்கு வரும் மழை கேரளத்து மழையைப் போன்றதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடல் ஈரத்தின் பெரும்பகுதியைப் பிழிந்துகொண்டுவிடுகிறது. இங்கே பகல் வெயிலில் தரை காய்ந்து, காற்று மேலெழுந்து, வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் சேர, மாலையில் இடியோடு கொட்டுவதுதான் பெரும்பங்கு. வடக்கே பருவமழை ஓய்வெடுக்கும் நாள்களில், அதாவது மழைப்பட்டை இமயத்தின் அடிவாரத்துக்கு ஒதுங்கிவிடும்போது, தமிழகத்தின் உள்பகுதிகளில் இந்த இடிமழை கூடுவதுண்டு. “நாட்டில் பருவமழை நின்றுவிட்டது” என்று செய்தி வாசிக்கப்படும் அதே வாரத்தில் இந்த மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் நல்ல மழை பெய்துகொண்டிருக்கலாம்.

இடிமழைக்கு இன்னொரு குணம், அது ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரு கிராமத்தில் ஓடை பெருக்கெடுக்கும். இரண்டு மலைமுகடு தாண்டினால் தரை நனைந்திருக்காது. மலைத்தொடர் சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இந்தப் பரப்பில் ஜமுனாமரத்தூர் மழைமானி காட்டும் எண் ஜமுனாமரத்தூருக்கு உண்மை. சரிவின் மறுபக்கத்துக் கொல்லைக்கு அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. வறட்சி அறிவிப்போ நிவாரணமோ இப்படிப்பட்ட எண்களை நம்பித்தான் நடக்கிறது என்பதால் இது சின்ன விஷயமல்ல. இந்த மலைக்கு ஒரே ஓர் உதவி செய்யலாம் என்றால், ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும் ஒரு மழைமானி வைக்கச் சொல்வேன்.

வறட்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலேயே ஒரு பிரச்சினை இருக்கிறது. பருவத்தின் மொத்த மழை வழக்கத்தைவிட 25 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அது வறட்சி. பாதிக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி. இது வானிலைத் துறையின் பழைய அளவுகோல். பயிருக்கு இந்த மொத்தக் கணக்கு புரியாது. 90 நாள் பயிருக்கு நான்கு நாளில் 300 மில்லிமீட்டர் கொட்டிவிட்டு, பூக்கும் நேரத்தில் மூன்று வாரம் காய்ந்தால் கணக்கில் மழை சரியாக இருக்கும், களத்தில் தானியம் இருக்காது. அதனால்தான் 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, மழைக் குறைவோடு வறண்ட வாரங்களின் தொடர்ச்சியையும் பார்க்கச் சொல்கிறது. மண்ணின் ஈரத்தையும், செயற்கைக்கோள் வழியே பயிரின் பசுமையையும் அது கணக்கில் எடுக்கிறது. நலமான இலை சிவப்பு ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். வாடும் இலையில் இந்த வேறுபாடு குறையும். அதை மேலிருந்தே அளக்கலாம். ஆனால் அந்தப் படம் வாடிய பிறகு வாட்டத்தைச் சொல்கிறது. விதைக்கப் போகிறவருக்கு அது தாமதமான செய்தி.

மலையில் விதைப்பவர்கள் கணிப்புக்காகக் காத்திருக்கவில்லை. கணிக்க முடியாததைத் தாங்கும் பயிரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அது சாமை.

கோடை மழைக்கு உழுது வைத்து, ஆனி வாக்கில் விதைத்தால் புரட்டாசியை ஒட்டி அறுத்துவிடலாம். வறட்சியைச் சமாளிக்கத் தாவரங்களுக்குப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, ஈரம் தீர்வதற்குள் வாழ்க்கையை முடித்துக்கொண்டு தப்பிப்பது. மற்றது, ஈரம் குறைந்தாலும் தாங்குவது. சாமை இரண்டையும் செய்கிறது. குறுகிய காலப் பயிர் என்பதால் தப்பிக்கிறது. தாங்குவதற்கு அதன் இலைக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நெல்லின் இலை காற்றிலுள்ள கரியமில வாயுவை நேரடியாகப் பயன்படுத்துகிறது. போதிய அளவு உள்ளே வர, இலைத் துளைகளை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். திறந்த துளை வழியே நீர் ஆவியாகப் போகும். சாமை முதலில் அந்த வாயுவை வேறொரு நொதியால் பற்றி, இலையின் உள்ளறைகளில் செறிவாக்கி, பிறகு சர்க்கரையாக்குகிறது. துளைகளைக் குறுக்கி வைத்தாலும் அதற்குப் போதும். அதே எடை வளர நெல் இழக்கும் நீரில் ஏறக்குறைய பாதியில் இத்தகைய தாவரங்கள் சமாளித்துவிடும். வறண்ட வாரங்களில் சாமை வளர்ச்சியை நிறுத்தி இலையைச் சுருட்டிக்கொள்ளும். மழை வந்தால் மீண்டும் தூர் கட்டும். கனமழையில் சில நாள் நீர் நின்றாலும் மற்ற சிறுதானியங்கள் பலவற்றைவிடப் பொறுத்துக்கொள்ளும். இந்த மலையில் எந்த ஆண்டு எது வரும் என்று தெரியாதபோது இந்த இரட்டைப் பொறுமை பெரிய சொத்து.

மலைக்காரர்களிடம் ஒரே சாமை இல்லை. சிட்டன் சாமை சீக்கிரம் விளையும். பெருஞ்சாமை அதிக நாள் எடுக்கும். மழை பிந்தினால் குறுகிய காலச் சாமைக்கு மாறலாம். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த அத்தியந்தல் 1 என்ற சாமை ரகம் மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். விளைச்சல் கூடுதலான புதிய ரகம் வரவேற்கத்தக்கது. அதற்காகப் பழைய ரகங்களைக் கைவிடுவது ஆபத்து என்றே நினைக்கிறேன். ஒரே நாளில் பூக்கும் ஒரே ரகம் மலை முழுவதும் நின்றால், பூக்கும் வாரத்தில் வரும் ஒரு வறட்சி மலையின் மொத்தத் தானியத்தையும் கொண்டுபோய்விடும். கலந்து நின்றால் ஒன்று போனாலும் மற்றொன்று தேறும். உமியோடு சேமித்த சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதும் கணிப்புக்கு மாற்றான ஒரு காப்பீடு. நல்ல ஆண்டின் குதிர் கெட்ட ஆண்டுக்குச் சோறு போடும்.

இதெல்லாம் இருந்தும் சாமை தோற்கும் தருணம் ஒன்று உண்டு, விதைத்த உடனே வரும் வறட்சி. வைகாசிக் கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்கிறது. பருவம் பிறந்துவிட்டது என்று விதைக்கிறார்கள். விதை முளைவிடுகிறது. பிறகு பதினைந்து நாள் வெயில். வேர் இறங்காத நாற்று கருகிவிடுகிறது. மறுபடி விதைக்க விதை வேண்டும், ஆள் வேண்டும், நாளும் வேண்டும். ஆகவே இந்த மலையின் விவசாயிக்கு வேண்டிய முதல் கணிப்பு “இந்தப் பருவத்தில் இந்தியாவில் எத்தனை விழுக்காடு மழை” என்பதல்ல. “இப்போது பெய்த மழை தொடருமா, ஏமாற்றுமா” என்பதுதான்.

இதற்குப் பெரியவர்கள் வானத்தையும் பூச்சிகளையும் பார்க்கிறார்கள். இந்தக் குறிகளை மொத்தமாக நம்புவதும் தவறு, மொத்தமாகத் தள்ளுவதும் தவறு. நிலவைச் சுற்றி ஒளி வளையம் தெரிந்தால் மழை நெருங்குகிறது என்பார்கள். உயரத்தில் பனிப் படிகங்களாலான மெல்லிய மேகம் படர்வதால் அந்த வளையம் தோன்றுகிறது. ஈரம் மேலேறிக் கொண்டிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம் என்பதால், ஓரிரு நாளுக்கு அதில் பொருள் உண்டு. காவலூரில் விண்மீன் ஒளியை அளப்பவர்களுக்கும் இந்த மெல்லிய மேகம் நன்றாகத் தெரியும். அவர்களுக்கு அது ஓர் இரவின் வேலையைக் கெடுக்கும். ஈசலும் எறும்பும் ஈரப்பத மாற்றத்துக்கு எதிர்வினை காட்டுகின்றன; அவை சொல்வது சில மணி நேரத்துக்கான செய்தி.

கர்ப்போட்டம் வேறு வகை. மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் ஏறக்குறைய 14 நாள்களில் மேகம் எப்படி ஓடுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நாளும் அடுத்த ஆண்டின் ஏறக்குறைய 14 நாள்களைக் குறிக்கும் என்பது கணக்கு. மேகம் கருக்கொண்டு 195 நாளில் மழையைப் பெறும் என்று ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் எழுதியது இந்த மரபின் பழைய பதிவு. அரை ஆண்டுக்கு முன்பு ஓடிய மேகத்தின் நினைவைக் காற்று மண்டலம் சுமந்திருப்பதில்லை. இரண்டு வாரத்துக்குள் அது தன் பழைய நிலையை மறந்துவிடுகிறது. நீண்ட நாள் நினைவு கடலுக்குத்தான் உண்டு. ஆகவே கர்ப்போட்டத்தை விதைப்பு முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மரியாதை. அதே சமயம் ஆண்டுதோறும் ஒரே நாள்களில் வானத்தை விடாமல் குறித்துவைக்கும் அந்த ஒழுங்கு, மழைமானிப் பதிவேடு வைக்க ஆள் தேடும்போது முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம்.

பத்து, இருபது நாளுக்கான கணிப்பு அண்மையில் வேகமாக முன்னேறியிருக்கிறது. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கும் அமைப்பைத் தொடங்கியது. அதற்கு முன் கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டர். மலை முகட்டையும் பள்ளத்தாக்கையும் பிரித்தறிய இது முக்கியம். அதே ஆண்டு வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக, பருவமழை அவர்கள் பகுதியில் எப்போது தொடர்ந்து பெய்யத் தொடங்கும் என்ற கணிப்பை அனுப்பியது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கொண்டு செய்த கணிப்பு அது. முன்னேறி வந்த பருவமழை அந்த ஆண்டு இடையில் சுமார் மூன்று வாரம் நின்றுவிட்டது. அந்த நிறுத்தத்தை மாதிரிகள் முன்பே காட்டியிருந்தன. விதைத்த நாற்று கருகும் ஆபத்து சரியாக இங்கேதான் இருக்கிறது.

இப்படி முன்பே தெரிந்தால் விவசாயி என்ன செய்வார்? தெலங்கானாவில் 250 கிராமங்களில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மழை தொடங்கும் காலத்தை வெகு முன்பாகச் சொல்லி, விவசாயிகளின் எதிர்பார்ப்பை விட அது கெட்ட செய்தியாக இருந்தபோது, அவர்கள் பயிரிடும் நிலத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார்கள். நல்ல செய்தியாக இருந்தபோது முதலீட்டைக் கூட்டிப் பணப்பயிருக்கு மாறினார்கள். கணிப்பின் பயன் மழையை வரவழைப்பதில் இல்லை. வீணாகப் போகும் விதையையும் கடனையும் மிச்சப்படுத்துவதில் இருக்கிறது.

ஜவ்வாது மலையின் பருவக் கணிப்பைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மிகவும் கவலை தருவதும், கூடவே நம்பிக்கை தருவதும் காலண்டர்தான். எல் நினோ எந்தப் பக்கம் சாயும் என்பதை மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் கணிப்பது மிகக் கடினம். பசிபிக் அப்போது நிலை மாறும் தறுவாயில் இருக்கும். சாமை விதைப்பு அதற்குச் சற்றே பிறகு வருகிறது. நீண்ட காலக் கணிப்பு மிகப் பலவீனமாக இருக்கும் வேளையில் சாமை விதைக்கப்படுகிறது. அங்கே பத்து நாள் கணிப்பையும் சாமையின் சொந்தப் பொறுமையையும்தான் நம்ப வேண்டும்.

புரட்டாசியில் நிலைமை தலைகீழ். சாமையை அறுத்த கொல்லையில், மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பிக் கொள்ளோ பேயெள்ளோ விதைக்கும் காலம் அது. ஆகஸ்ட் முடிவதற்குள் பசிபிக்கின் போக்கு பெரும்பாலும் தெளிந்துவிடும். எல் நினோ வலுத்திருந்தால் வடகிழக்குப் பருவம் நன்றாக அமைய வாய்ப்பு அதிகம். பசிபிக் குளிர்ந்திருந்தால் 2016ஐ நினைத்து எச்சரிக்கையாக இருப்பது நல்லது. குளிர்ந்த ஆண்டில் மேட்டுச் சரிவுகளில் புதிய செலவு செய்யாமல், ஈரம் நிற்கும் பள்ளக் கொல்லைகளில் மட்டும் கொள்ளு விதைக்கலாம். குதிரிலுள்ள சாமையை விற்காமல் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தொடர்பு மாநில அளவில் தெரியும் போக்கு. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் பலிக்கும் விதி என்று அதை யாரும் விற்கக் கூடாது.

வடகிழக்குப் பருவத்துக்கான வானிலைத் துறையின் அறிவிப்பு செப்டம்பர் கடைசியை ஒட்டி வருகிறது. அதுவும் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, கர்நாடகத்தின் தென் உள்பகுதி ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே கணிப்பாக வருகிறது. அதைத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களின் மலை ஊராட்சிகளுக்கென்று பிரித்து, எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதையும் சேர்த்து, கொள்ளு விதையை எடுத்து வைக்கும் வாரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குத் தேவையான அறிவியல் இப்போது கையில் இருக்கிறது. மலை ஊர்களின் மழைப் பதிவேடும், செய்தியை ஊர்க்கூட்டத்தில் நின்று விளக்கும் வேளாண் அலுவலரும்தான் இன்னும் வேண்டும்.